தீப்பெட்டி வந்த வழியில் கல்கத்தாவுக்கு

கல்கத்தா என்ற பெயரை நான் முதலில் கேட்டது பூகோளப் பாடத்தில் இல்லை, எங்கள் ஊர்க் கதையில். சிவகாசிப் பக்கம் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ரெண்டு பேர் கல்கத்தாவுக்குப் போனாங்க, தீப்பெட்டி செய்யப் படிச்சுட்டு வந்தாங்க, அதுலருந்துதான் நம்ம ஊரு. கல்லூரி ஆண்டுவிழா மேடையில் இதைச் சொல்வார்கள். டீக்கடை பெஞ்சில் பெரியவர்கள் சொல்வார்கள். 1922-ல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் போனார்கள், 1923-ல் சிவகாசியில் தொழிலை ஆரம்பித்தார்கள். இடையில் எட்டு மாதம் என்று ஊரில் ஒரு கணக்கு. அந்த எட்டு மாதத்தைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். எந்தத் தெருவில் தங்கினார்கள், மூன்று வேளையும் என்ன சாப்பிட்டார்கள், அத்தனை பெரிய ஊரை முதன்முதலாகப் பார்த்தபோது என்ன தோன்றியது? எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த மாதங்கள் மேல்தான் கண்.

2023 டிசம்பரில் ஒரு வாய்ப்பு வந்தது. நான் அப்போது எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. கொல்கத்தாவில் மாணவர்களுக்கான இரண்டு நாள் கருத்தரங்கில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு, ரயில் செலவு நம்முடையது. அம்மா தான் போட்டிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தாள். கருத்தரங்கு முடிந்ததும் இன்னும் மூன்று நாள் இருந்து ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்லம்மா. நம்ம தீப்பெட்டி அங்கருந்துதான வந்துச்சு. அந்த ஊரு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாரேன்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டுத்தான் பேசினாள். "பாத்துட்டு வா தாயி. அந்தக் கட்டைய மொதமொதல்ல யாரு அடுக்குனாங்கன்னு கேட்டுட்டு வா."

கட்டை என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வரிவரியாகப் பள்ளம் கீறிய மெல்லிய மரப்பட்டிகள். ஒரு பள்ளத்துக்கு ஒரு குச்சி. ஒரு பட்டி நிரம்பினால் அதன் மேல் அடுத்த பட்டி. இப்படியே அடுக்கி, இரண்டு பக்கமும் இறுக்கினால் ஆயிரக்கணக்கான குச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் முள்முள்ளாக நிற்கும். அதை அப்படியே தூக்கி மெழுகில் முக்கி, பிறகு மருந்தில் முக்குவார்கள். ஒரு குச்சி துருத்திக்கொண்டு நின்றாலும் தலை சரியாக விழாது. விரல் நுனிக்குத்தான் அந்த வேலை தெரியும். சின்ன விரலாக இருந்தால் இன்னும் வேகம். அம்மா ஒன்பது வயதில் போனாள். விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி கிராமத்துக்கு வந்துவிடும், தூங்குகிற பிள்ளையைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள் என்று அம்மாச்சி சொல்லும். (எங்கள் ஊரில் ஆலைக்கு 'ஆபீஸ்' என்றுதான் பெயர், தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ்.) குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசியை வைத்தே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996 டிசம்பரில். அம்மாவுக்கு அதற்குள் இருபது வயது ஆகிவிட்டது. அவள் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது.

ஆக, நான் ரயில் ஏறும்போது என்னிடம் இரண்டு பொருள் இருந்தன. மேடையில் சொல்லும் கதை ஒன்று, அம்மா கேட்ட கேள்வி ஒன்று.

சிவகாசியில் பொதிகை வண்டி ஏறி இரவோடு இரவாகச் சென்னை, அங்கிருந்து ஹவுரா போகும் வண்டி. வெறும் படுக்கை வசதிப் பெட்டி, ஜன்னலோர இடம். எனக்கு அதுவே போதும். ஆனால் அந்த இரண்டு பேர் போன காலத்தில் சிவகாசிக்கு ரயிலே கிடையாது. 1920களின் பிற்பகுதியில்தான் எங்கள் ஊர்த் தடம் வந்தது. விருதுநகருக்கோ சாத்தூருக்கோ மாட்டுவண்டியில் போய்த்தான் ரயில் பிடித்திருப்பார்கள். விருதுநகர் அப்போது விருதுநகர்கூட இல்லை, விருதுபட்டி. 1923-ல்தான் பெயர் மாறியது. அந்தப் பட்டியில் அப்போது காமராஜ் பத்தொன்பது வயதை ஒட்டிய வாலிபர். அவர் படித்த சத்திரிய வித்யாசாலை 1889-ல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து, வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கான பங்காக மகமை கொடுத்து நடத்திய பள்ளி. சிவகாசியில் நாடார்களுக்கு எதிராக நடந்த 1899 கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் கரிசல் வெடித்துப் பிளக்கும், கையில் வேறு தொழில் கிடையாது. அப்படி ஒரு இடத்திலிருந்து இரண்டு பேர் புறப்படுகிறார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கோ கோயிலுக்கோ இல்லை, ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ள. அதைத் துணிச்சல் என்று நாம் இப்போது சொல்லிவிடுகிறோம். அவர்கள் அம்மாமார்கள் அன்றைக்கு என்ன சொன்னார்களோ.

ஆந்திரா முழுக்கப் பகல். பெர்காம்பூர் தாண்டிச் சிலிகா ஏரி வரும், இருட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று எதிர் இருக்கை ஒடியா அக்கா சொன்னார். முக்கால் இருட்டில் பார்த்தேன். தண்ணீரா வானமா என்று தெரியாத ஒரு சாம்பல் நிறம். நாங்கள் வளர்ந்த கண்மாய்கள் வருஷத்தில் பாதி நாள் மைதானம்தான். அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. அந்தப் பயணம் முடியும் முன் இன்னும் பல தடவை தோன்றியது.

ஹவுராவில் இறங்கியபோது விடியவில்லை. வெளியே வந்ததும் பாலம். படத்தில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும் அது தலைக்கு மேல் நிற்கும்போது வாய் பேச வராது. அவ்வளவு இரும்பிலும் ஒரு நட்டு போல்ட் கிடையாது, முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்தது. ஆனால் திறந்தது 1943-ல். சண்முக நாடாரும் அய்ய நாடாரும் இதைப் பார்க்கவில்லை. அவர்கள் கடந்தது 1874-ல் போட்ட மிதவைப் பாலம். கப்பல் வந்தால் நடுவில் திறந்துவிட்டு, ஜனங்கள் கரையில் காத்திருப்பார்கள். அதனால் நானும் பாலத்தில் ஏறாமல் படகுத்துறைக்கு நடந்தேன். சில ரூபாய் சீட்டு. ஹூக்ளி பழுப்பாக ஓடியது. பனிமூட்டத்துக்குள் எதிர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அவர்களும் இந்த நகரத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்துதான் முதலில் பார்த்திருப்பார்கள்.

கருத்தரங்கு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசித்தேன், இரண்டு கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். அங்கே கிடைத்த பெரிய லாபம் ஒரு தோழி. பெலூர்ப் பக்கத்துப் பெண், அவளும் வரலாறு. நான் சிவகாசி என்றதும் அவள் முகம் மாறியது. "பாஜி!" என்றாள். பட்டாசுக்கு வங்காளத்தில் பாஜி. எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழ்நாட்டுக்கு வெளியே யாராவது அப்படிக் கண்ணை விரித்துச் சொல்லும்போது மனசுக்குள் ஒரு நிமிர்வு வரும். அதை மறைக்க நான் விரும்பவில்லை. மூன்று நாளும் பாதி நேரம் அவள் கூட வந்தாள்.

கல்கத்தாவில் தீப்பெட்டி யார் கொண்டுவந்தது என்பதற்குப் புத்தகங்களில் கிடைக்கிற பதில், ஜப்பானியர்கள். 1910 வாக்கில் கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் சின்னச் சின்ன இயந்திரங்களை வைத்துத் தீப்பெட்டி செய்யத் தொடங்கின. அவர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். நம் ஊர் இருவர் பாடம் படித்தது பூர்ண சந்திர ராய் என்பவரிடம், அவர் ஜெர்மனியில் அந்த நுட்பத்தைக் கற்றவர். சுதேசி இயக்கத்தின் சூடு ஆறாத ஊர் அது. தீக்குச்சியை நாமே செய்ய வேண்டும் என்பது அங்கே ஒரு பழைய கனவு. ஜோராசாங்கோவில் தாகூர் வீட்டின் நீண்ட வராந்தாவில் நடந்தபோது தோழி அதைத்தான் சொன்னாள். தாகூர் பிள்ளையாக இருந்த காலத்திலேயே அவர் அண்ணன்மார் வட்டத்தில் சுதேசித் தீக்குச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். ஏகப்பட்ட பணம் செலவழித்து ஒரு பெட்டி குச்சி தேறியதை அவர் தன் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறார். கவிஞர் வீட்டில் தோற்ற தொழில் கரிசல் காட்டில் எப்படி ஜெயித்தது என்று அந்த வராந்தாவிலேயே யோசித்துக்கொண்டு நின்றேன்.

'குட்டி ஜப்பான்' என்று நேரு எங்கள் ஊரைச் சொன்னதாகப் பெருமையாகச் சொல்வோம். உழைப்பைப் பார்த்துச் சொன்ன பெயர் அது. ஆனால் அந்தத் தொழிலின் வேரில் நிஜமாகவே ஜப்பான் இருக்கிறது, கல்கத்தா வழியாக வந்த ஜப்பான். இது எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். அந்த ஜப்பானியக் குடும்பங்களின் தடம் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடினேன். வீடோ ஆலையோ கண்ணில் படவில்லை. தெற்கே டாக்கூரியா ஏரிக்கரையில் நிப்போன்சான் மியோஹோஜி என்ற ஜப்பானிய புத்தக் கோயில் இருக்கிறது என்று தோழி கூட்டிப்போனாள். 1935-ல் நிச்சிதாத்சு ஃபூஜி என்ற துறவி கட்டியது. தீப்பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். இருந்தாலும் சாயங்காலம் ஒருவர் விசிறி போன்ற கைமேளத்தைத் தட்டிக்கொண்டே ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல, தரையில் உட்கார்ந்து கேட்டேன். எங்கிருந்தோ வந்து இந்த ஊரில் தொழில் செய்து போனவர்களை நினைத்துக்கொள்ள எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

அந்தக் கோயிலிலிருந்து லேக் மார்க்கெட் பக்கம்தான். அங்கே போனால் முருங்கைக்காயும் வாழைப்பூவும் கறிவேப்பிலைக் கட்டும். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிற பகுதி. ஒரு காய்கறிக்கார அம்மா வங்காளி, தமிழில் "சின்ன வெங்காயமா?" என்று கேட்டார். நாலு நாள் கழித்துக் காதில் விழுந்த தமிழ். தேவையில்லாமல் கால் கிலோ வாங்கிவிட்டேன்.

நகரத்தை நான் நிஜமாகப் பார்த்தது மூன்றாம் நாள் அதிகாலையில். திரெட்டா பஜார் என்று பழைய சீனர் பகுதி. ஆறு மணிக்குச் சாலையோரம் கடை போட்டு எட்டு, எட்டரைக்குள் முடித்துவிடுவார்கள். மூங்கில் தட்டுகளில் ஆவி பறக்கிற வெள்ளை உருண்டைகள், மீன் உருண்டை போட்ட சூப். சீனப் பாட்டி ஒருவர் சரளமான இந்தியில் சில்லறை கேட்டார். நிறையப் பேர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள், மிச்சம் கொஞ்சம் பேர்தான் என்று தோழி சொன்னாள். அங்கிருந்து நடந்தே போகிற தூரத்துக்குள் என்னென்ன இருக்கிறது தெரியுமா? 1724-ல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம். போர்த்துகீசியர் கட்டிய மாதா கோயில். 1884-ல் எழும்பிய மாகேன் டேவிட் என்ற யூதர் ஜெபாலயம். அந்த ஜெபாலயத்தைத் தலைமுறையாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் முஸ்லிம் குடும்பத்தார். உள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் விழுந்து தரைக் கட்டங்கள் மேல் கிடந்தது. கும்பிட ஆள் இல்லாத கோயிலைத் தினமும் துடைத்து வைக்கிற அந்தப் பெரியவரிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. செருப்பை மாட்டும்போது அவருக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.

அந்தச் சுற்றில் மெட்காஃப் தெருவில் பார்சிகளின் நெருப்புக் கோயில். 1912-ல் கட்டியது. பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது என்பது தெரிந்துதான் போனேன். வாசலுக்கு எதிரே சும்மா நின்றேன். உள்ளே எங்கேயோ அணையாமல் ஒரு நெருப்பு இருக்கிறது, அதை அணையாமல் காப்பதே சிலருக்கு வாழ்க்கை. எங்கள் ஊரில் இது நேர் எதிர். ஒரு பொறி வரக்கூடாது என்பதற்காகவே நாள் முழுக்க வாழ்கிறவர்கள் நாங்கள். வெடி ஆபீஸில் மருந்து அறைக்குள் செருப்பு போட்டுப் போக மாட்டார்கள், உராயக்கூடாது. நைலக்ஸ் சேலை கட்டக் கூடாது, பருத்திதான். இரும்புச் சாமான் விழக் கூடாது. அங்கேயும் வெறுங்கால், இங்கேயும் வெறுங்கால். நெருப்புக்கு முன்னால் காட்டுகிற மரியாதை ஒன்றுதான் என்று நினைக்கையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோழி என்ன என்று கேட்டாள், சொன்னேன்.

அந்த வருடம் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பேச்சு லேசான பேச்சு இல்லை. 2023 அக்டோபர் 17-ம் தேதி சிவகாசிப் பக்கம் ஒரே நாளில் இரண்டு இடத்தில் வெடித்தது. எங்கள் தெருவில் இரண்டு நாள் யாரும் அடுப்புப் பற்ற வைக்கும்போது சத்தமாகப் பேசவில்லை. அவள் பக்கம் மே மாதம் எக்ராவில், ஆகஸ்டில் தத்தபுக்கூரில். அவற்றை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் விபத்துகளும் அவளுக்கு அப்படித்தான். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து என்றேன். அந்தப் பெயர் அவளுக்குப் புதிது. பட்டாசு செய்கிற இரண்டு நாடுகள் போல, ஒன்றின் சாவு மற்றதுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

அவள் ஊர்க் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து பெலூரில் குடியேறிய அன்னபூர்ணா தாஸ் என்ற அம்மா, பிள்ளைகளைக் காப்பாற்றப் பல சின்ன வியாபாரம் செய்து கடைசியில் பட்டாசில் நின்றார். ஊரே அவரை 'புரிமா' என்றது, கிழவித் தாய் என்று பொருள். அந்தப் பெயரையே பட்டாசுக்கும் வைத்தார். புரிமாவின் சாக்லேட் வெடி தெரியாத வங்காளி கிடையாது என்கிறாள் தோழி. அந்த அம்மா தொழிலுக்காகச் சிவகாசி வரை வந்து தீப்பெட்டி ஆலை போட்டவர் என்று அங்கே சொல்கிறார்கள். நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். எங்கள் ஆட்கள் கல்கத்தாவுக்குத் தேடிப் போனார்கள், இங்கிருந்து ஒரு கிழவித் தாய் எங்கள் ஊருக்குத் தேடி வந்தார். போன பாதையில் திரும்ப வந்திருக்கிறார்கள். இந்தப் பாதி எங்கள் ஊர் மேடையில் ஒரு நாளும் கேட்டதில்லை. சொல்ல வேண்டும். ஒரு பெண் தனியாக நின்று செய்த காரியம் என்பதாலேயே இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

கடைசி நாள் சாயங்காலம் தனியாக படாபஜாரில் அலைந்தேன். டிசம்பர் எங்கள் ஊரில் காலண்டர் சீசன், அச்சகங்கள் ராத்திரி பகல் ஓடும். இங்கே ஒரு கடை வாசலில் வங்காள எழுத்தில் காளி படம் போட்ட தினசரிக் காலண்டர் அடுக்கு. ஒன்றைப் புரட்டிக் கீழ் விளிம்பைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் எந்த அச்சைக் கண்டாலும் முதலில் பார்க்கிற இடம் அது. பொடி எழுத்தில் சிவகாசி. அந்தக் காளியின் சிவப்பு எங்கள் தெருவில் எந்த மிஷினில் விழுந்ததோ.

பக்கத்தில் டீக்கடை. மண் குவளையில் டீ. கடைக்காரர் பீகார்ப் பெரியவர். மண்ணெண்ணெய் அடுப்பு அணைந்துபோக, பலகைக்கு அடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கிழித்தார். ஒரே இழுப்பு, பற்றிக்கொண்டது. நல்ல குச்சி, தலை சரியாக விழுந்த குச்சி. "பெட்டியைக் காட்டுங்க" என்று கை நீட்டினேன். அவர் புரியாமல் கொடுத்தார். பக்கவாட்டில் ஊர்ப் பெயர்: சாத்தூர். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எனக்குத் தெரிந்த இந்தியில், இது என் ஊர், என் அம்மா இதைச் செய்தவள் என்று சொன்னேன். அவர் பெட்டியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். தினமும் கையில் வைத்திருந்த பொருளை அன்றைக்குத்தான் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு இன்னொரு குவளை டீ ஊற்றிக் கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த கடையில் புதுப் பெட்டி ஒன்று இரண்டு ரூபாய்க்கு வாங்கி அவரிடம் கொடுத்து, அவருடைய பாதி காலியான பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். பதினான்கு வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. நூறு ஆண்டுக்கு முன் இந்த ஊரிலிருந்து கிளம்பிய தொழில், இரண்டு ரூபாய்ப் பெட்டியாக இதே ஊர் டீக்கடைப் பலகைக்கு அடியில் கிடக்கிறது.

அம்மா கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டிருந்தது. அது கல்கத்தாத் தெருவில் கிடைக்கவில்லை, அங்கே உட்கார்ந்து படித்ததில் கிடைத்தது. 1923-ல் நம் ஆட்கள் ஜெர்மன் இயந்திரங்களைத் தருவித்துத்தான் தொழிலைத் தொடங்கினார்கள். அதே வருடம் ஸ்வீடன்காரர்களின் பெரிய கம்பெனி, விம்கோ, பம்பாய்ப் பக்கம் கால் ஊன்றியது. பெரிய முதல், பெரிய இயந்திரம். அவர்களோடு இயந்திரத்தால் மோத முடியாது. சிவகாசியில் இயந்திரம் கட்டுபடியாகவில்லை. சில வருஷத்திலேயே கைவேலைக்கு மாறினார்கள். மழை இல்லாத ஊரில் வேலையில்லாத கைகள் ஏராளம், கூலி குறைவு. அந்தக் கைகள்தான் விம்கோவுக்கு எதிரே நின்றன. பிறகு 1934-ல் தீப்பெட்டிக்கு வரி வந்தது. அதைத் தொடர்ந்து, எரிந்தால் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் தருகிற கலர் மத்தாப்புக் குச்சி வந்தது, அதற்குப் பெயரே பெங்கால் லைட். அதிலிருந்து பட்டாசு, லேபிள் அச்சடிக்கப் போய் அச்சுத் தொழில். ஊர் ஊராக ஆனது. எல்லாம் உண்மை. அய்ய நாடார் பெயரில் 1963-ல் எழுந்த கல்லூரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கிறார்கள், அதுவும் உண்மை. அந்த இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போயிருக்காவிட்டால் நான் கொல்கத்தாவுக்குப் போயிருக்க மாட்டேன். இதை முழு நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனால் மேடையில் அந்தப் பயணத்தைச் சொல்லும்போது, இயந்திரம் தோற்ற இடத்தில் யார் கை வந்து நின்றது, அந்தக் கைக்கு என்ன வயது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும். வரலாறு படிக்கிறவளாக எனக்கு அதில் சமரசம் கிடையாது.

திரும்பி வந்த அன்று இரவு அம்மாவுக்கு எல்லாவற்றையும் காட்டினேன். போனில் எடுத்த படங்கள், ஜெபாலயக் கண்ணாடி, சீனப் பாட்டி, ஏரி. அம்மா ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தத் தீப்பெட்டியைக் கையில் கொடுத்தேன். திறந்து ஒரு குச்சியை எடுத்து, தலையை நகத்தால் நிரடிப் பார்த்து, உள்ளே வைத்து மூடினாள்.

"கட்டைய யாரு மொதல்ல அடுக்குனாங்களாம்?"

"நம்ம ஊர்ல மொதல்ல மிஷின் வச்சுத்தான் ஆரம்பிச்சாங்களாம்மா. மிஷினு கட்டுபடியாகலன்னு அப்புறம் கை வேலையாக்கிட்டாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். "மிஷினுக்குக் கட்டுபடியாகாதது புள்ளைங்களுக்கு எப்படித்தா கட்டுபடியாச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை, தோசைக்கல்லை எடுத்து வைத்தாள்.

டீக்கடையில் குடித்த மண் குவளையைத் தூக்கிப் போடச் சொன்னார்கள், மனசு வராமல் துணிக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தேன். விளிம்பில் ஒரு சின்னச் சில்லு போயிருந்தது. அம்மா அதைக் கழுவித் துடைத்து அடுப்பு மேடையில் வைத்தாள். எங்கள் வீட்டில் எரிந்த குச்சியை எறிய மாட்டோம். ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அதில் பற்ற வைத்து அடுத்த அடுப்புக்குக் கொண்டுபோகலாம், புதுக் குச்சி மிச்சம். அந்த எரிந்த குச்சிகளை இத்தனை வருஷமாகப் பழைய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைத்திருந்தாள். இப்போது அவை கல்கத்தாக் குவளையில் நிற்கின்றன, தலை கறுத்து, ஒன்றையொன்று தொடாமல்.